ஏழாம் எண் டிரான்ஸ்பார்மர்

விண்ணப்பம் இரண்டாம் முறையாகத் திரும்பி வந்தபோது ரெஜினாவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட எதிரில் ஒரு ஆள் வேண்டும். அவள் மேஜையருகே கிடந்தவை மூன்று அட்டைப்பெட்டிகள்தான். பெட்டிக்கு இரண்டு செட் வீதம் அடுக்கி, கயிறு கட்டி, ஆட்டோவில் ஏற்றி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அனுப்பியதை அவர்கள் அதே கயிற்றோடு திருப்பியிருந்தார்கள். மேலே ஒரு தாள். இணைப்புகளில் பக்க எண்கள் பென்சிலால் இடப்பட்டிருக்கின்றன, மையால் இட்டு மீண்டும் தாக்கல் செய்யவும் என்று அதில் எழுதியிருந்தது. முதல் முறை திருப்பியபோது சொன்ன காரணம், பக்க எண்ணே இல்லை என்பது. அப்போதே பேனாவால் போடுங்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்த்திருந்தால் இரண்டாம் முறை திருப்பி அனுப்ப வேறு காரணம் தேட வேண்டியிருந்திருக்கும். பாவம், அவர்களுக்கும் வேலைப்பளு.

ரெஜினா கொற்றலை மின்விநியோக நிறுவனத்தில் கம்பெனி செக்ரட்டரி. எர்ணாவூரைத் தாண்டி ஒரு தனியார் தொழிற்பேட்டை. உள்ளே இருக்கிற ஆலைகளுக்கும், பேட்டையின் பின்சுவரை ஒட்டிய மீனவர் குடியிருப்புக்கும் மின்சாரம் கொடுக்க உரிமம் வாங்கிய சின்ன நிறுவனம் அது. கம்பங்களும் கம்பிகளும் கம்பெனியுடையவை. மின்சாரத்தை மொத்தத்தில் வாங்கிச் சில்லறையில் விற்க வேண்டும், அவ்வளவுதான் தொழில். முதலாளி சுயம்புவும் அதற்கு மேல் அதைப் புரிந்துகொள்ள முயன்றதில்லை. தெற்கிலிருந்து வந்து கொருக்குப்பேட்டையில் பழைய இரும்புக் கடை போட்டு மேலே வந்தவர். திருவொற்றியூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்த ரெஜினாவின் அப்பாவும் அவரும் ஒரே ஊர்க்காரர்கள். அந்தப் பழக்கத்தில்தான் அவளுக்கு இந்த வேலை கிடைத்தது. அதே பழக்கத்தில்தான் அவள் இன்னமும் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டாள்.

அண்ணாச்சி இப்போது கம்பெனியை விற்கிறார். வாங்குவது துருவதாரா எனர்ஜி என்கிற வடநாட்டு நிறுவனம். பேரம் ஒரே மதியச் சாப்பாட்டில் முடிந்துவிட்டது. காகிதம்தான் முடியவில்லை. உரிமம் பெற்ற மின் நிறுவனத்தைக் கடையை விற்பதுபோல் சாவியைக் கொடுத்து விற்றுவிட முடியாது. ஆணையம் முன் அனுமதி தர வேண்டும். அதற்கு ஆறு பிரதிகளில் விண்ணப்பம், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, நோட்டரி முன்னால் சத்தியப் பிரமாணம், நான்கு நாளிதழ்களில் அறிவிப்பு, ஆட்சேபணைக்கு அவகாசம், பொது விசாரணை. ஒரு ஊரின் விளக்கு யார் கையில் இருக்கப்போகிறது என்பது சின்ன விஷயமல்ல, இவ்வளவும் வேண்டியதுதான் என்று ஆரம்பத்தில் ரெஜினா நினைத்தாள். பிறகுதான், கேள்வி கேட்கிறவர்கள் பதிலைப் படிப்பதில்லை, எண்ணிப் பார்க்கிறார்கள் என்பது புரிந்தது. எத்தனை பக்கம், எத்தனை முத்திரை, எத்தனை நூல் கட்டு.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. இந்த விற்பனையால் பொதுமக்களுக்கு என்ன விளைவு ஏற்படும்? அதற்கு மும்பையிலிருந்து வந்த ஆலோசகர்கள் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார்கள். எர்ணாவூர் என்ற பெயரையே அவர்கள் ஓர் இடத்தில் எண்ணூர் என்றும் இன்னோர் இடத்தில் ஏலூர் என்றும் அடித்திருந்தார்கள். அதைத் தமிழாக்கி நாளிதழ் அறிவிப்பில் சேர்க்கும் பொறுப்பு ரெஜினாவுடையது. 'இருதரப்பு வளங்களின் ஒருங்கிணைந்த செயல்திறன் மேம்பாட்டின் வாயிலாக நுகர்வோர் நலன் பேணப்படும்' என்று எழுதினாள். எழுதியதைத் திரும்பப் படித்தபோது அவளுக்கே ஒன்றும் விளங்கவில்லை. அப்படியானால் மொழிபெயர்ப்பு சரிதான் என்று முடிவு செய்து அச்சுக்கு அனுப்பினாள். அது டெண்டர் விளம்பரங்களுக்கும் கண்ணீர் அஞ்சலிகளுக்கும் நடுவில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவு எழுத்தில் வந்தது.

பக்க எண்களை மையால் போட்டுக்கொண்டிருந்த நாளில்தான் மூன்றாவது சிக்கல் வந்தது. விற்கிற சொத்துகள் ஒவ்வொன்றையும் நேரில் பார்த்துச் சரிபார்த்ததாக ஒரு சான்றிதழ் வேண்டும், புகைப்படத்தோடு, கம்பெனி செக்ரட்டரி கையெழுத்தோடு என்று ஆணையம் கேட்டது. ரெஜினாவுக்கு முதல்முறையாக அவர்கள்மேல் மரியாதை பிறந்தது. பிறந்த அன்றே அதற்கு ஆபத்தும் வந்தது. சொத்துப் பட்டியலில் பதினோரு டிரான்ஸ்பார்மர்கள் இருந்தன. தரையில் பத்துதான் இருந்தன.

இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. ஏழாம் எண் டிரான்ஸ்பார்மர் மீனவர் குடியிருப்புக்கென்று வைத்தது. கம்பெனி திறந்த புதிதில், மந்திரி வந்து பொத்தானை அழுத்தியபோது அது அங்கேதான் இருந்தது. அதன் பிறகு பேட்டைக்குள் ஒரு ரசாயன ஆலை அவசரமாக இணைப்பு கேட்டது. தற்காலிகமாக என்று சொல்லி டிரான்ஸ்பார்மரைக் கழற்றி ஆலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதற்குப் புது எண் கொடுத்துப் பட்டியலில் புதுச் சொத்தாக ஏற்றினார்கள். பழைய எண்ணை யாரும் அடிக்கவில்லை. குடியிருப்பில் இரண்டு கம்பங்களும் அவற்றின் குறுக்கே இரும்புச் சட்டமும் மட்டும் மிச்சம். மக்கள் சட்டத்தில் வலை காயப்போட்டார்கள். நானூறு வீடுகள் தூரத்து டிரான்ஸ்பார்மர் ஒன்றிலிருந்து வரும் ஒற்றைக் கம்பியில் தொங்கின. சாயங்காலமானால் மின்விசிறி சுற்றுவது கண்ணுக்குத் தெரியும், காற்று தெரியாது. மிக்ஸி போட்டால் பக்கத்து வீட்டு டிவி அணையும். குடியிருப்பு சங்கத்தின் தலைவி கோவிந்தம்மா, காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தெருத் தெருவாக மீன் விற்கிறவள், கம்பெனிக்கு மனு மேல் மனு கொடுத்தாள். எல்லா மனுவுக்கும் ரசீது கிடைத்தது.

சொத்துப் பட்டியலைத் தயாரித்தது அண்ணாச்சியின் மருமகன் அபின். வெளிநாட்டில் மேலாண்மை படித்துவிட்டு வந்தவன். விற்பனையை நடத்துவதும் அவன்தான். ரெஜினா அவனிடம் போய், ஏழாம் எண்ணை நீக்கினால்தான் சான்றிதழில் கையெழுத்துப் போட முடியும் என்றாள். அபின் பொறுமையாக விளக்கினான். பேரம் பதினொன்றுக்குப் பேசியது. ஒன்றை நீக்கினால் விலை திரும்பப் பேசப்படும், விலை மாறினால் விண்ணப்பம் மாறும், விண்ணப்பம் மாறினால் அறிவிப்பு மறுபடி நாலு பேப்பரில் வர வேண்டும், எல்லாம் முதலிலிருந்து. ஒரு பொய்யைக் காப்பாற்ற இவ்வளவு நடைமுறைகள் கைகட்டி நிற்கின்றனவே என்று அவள் வியந்தாள். இருக்கிறதைத்தான் நான் பார்க்க முடியும், பார்த்ததைத்தான் எழுத முடியும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டனுப்பினார். திட்டவில்லை. இளநீர் வெட்டிக் கொடுக்கச் சொன்னார். "நீ சொல்லுததும் நியாயந்தாம்மா. பாக்காம எப்படிப் போடுவ? ஒரு வாரம் பொறு. நானே வச்சிக் குடுக்கேன். வந்து ஒன் கண்ணால பாத்துட்டுப் போடு" என்றார்.

சொன்னபடி வைத்தார். அடுத்த வாரம் கம்பெனி ஜீப்பில் ரெஜினா குடியிருப்புக்குப் போனபோது தெருவே திரண்டிருந்தது. இரும்புச் சட்டத்தின் மேல், சாம்பல் நிறப் பெயின்ட் இன்னும் வாசனை அடிக்க, ஏழாம் எண் டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்திருந்தது. மேலே கம்பிகள் சேர்ந்திருந்தன, கீழே கேபிள் இறங்கியிருந்தது. எண் பலகை மின்னியது. மக்கள் கம்பத்துக்குச் சாமந்தி மாலை போட்டு, சூடம் கொளுத்தி, பூசணிக்காய் உடைத்தார்கள். கோவிந்தம்மா எல்லோருக்கும் கலர் வாங்கிக் கொடுத்தாள். ரெஜினா கையிலும் ஒரு பாட்டிலைத் திணித்தாள். லைன்மேன் வல்லரசு மட்டும் யார் கண்ணையும் பார்க்காமல் ஏணியை மடித்துக்கொண்டிருந்தான். எப்போது மின்சாரம் விடுவீர்கள் என்று கேட்டவர்களிடம், டெஸ்டிங் முடிந்ததும் என்று சொன்னான்.

திரும்பி வரும்போது ரெஜினாவுக்கு மனது லேசாக இருந்தது. காகிதத்தைக் கரித்துக்கொட்டியது தப்போ என்றுகூடத் தோன்றியது. எத்தனையோ மனுக்கள் சாதிக்காததை ஒரு சான்றிதழின் காலியிடம் சாதித்துவிட்டதே. அன்றைக்கே கையெழுத்துப் போட்டாள். சத்தியப் பிரமாணத்திலும் போட்டாள். அதன்பின் ஆணையத்திலிருந்து ஓர் அதிகாரி காரில் வந்து பார்த்தார். கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கிற சாலையில் அவர் கார் உள்ளே நுழையவே நேரமாகிவிட்டது. வெயிலில் இறங்கி, எண் பலகையும் தானும் ஒரே படத்தில் வருமாறு போட்டோ எடுக்கச் சொன்னார். வல்லரசு துணியால் பலகையைத் துடைத்தான். மதியம் பிரியாணி. விண்ணப்பம் விசாரணைக்கு ஏற்கப்பட்டது என்று கடிதம் வந்தது.

கோவிந்தம்மா அலுவலகத்துக்கு வந்தது அதற்குப் பிறகு. வியாபாரம் முடிந்து, காலிக் கூடையை வாட்ச்மேன் அறையில் வைத்துவிட்டு, நேராக ரெஜினாவின் மேஜைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"இன்னா மேடம், பொட்டி வெச்சிட்டுப் போனீங்க. அது மேல காக்கா கூடு கட்டிகினு கீது. ரெண்டு கம்பிக்கும் நடுவுல ஒக்காந்து முட்ட போட்டுகீது. உசுரோட கீது."

ரெஜினா டெஸ்டிங் முடியவில்லை போலிருக்கிறது என்றாள்.

"அத்த ஏத்தும்போதே எனக்கு டவுட்டு. கிரேனு வர்ல. நாலு பசங்க கயிறு போட்டுத் தூக்கினானுங்க. நேத்து வல்லரசைப் புடிச்சி ஒலுக்குனேன். அவன் புள்ள மேல சத்தியம் வாங்கினேன். உள்ள ஒண்ணியும் இல்லியாமே."

ரெஜினா வல்லரசைக் கூப்பிட்டாள். அவன் கதவருகிலேயே நின்றான். கொருக்குப்பேட்டையில் அண்ணாச்சியின் மச்சான் வைத்திருக்கிற இரும்புக் கடையிலிருந்து வந்த பழைய டிரான்ஸ்பார்மர் டேங்க் அது. உள்ளே செம்புக் கம்பி சுற்றிய காயில் எப்போதோ உருவி விற்கப்பட்டுவிட்டது. ஆயில் கிடையாது. கம்பிகளும் சும்மா கட்டியவை, மேல் லைனில் சேர்க்கவில்லை. அவன் இவ்வளவையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சொல்லி முடித்ததும் கோவிந்தம்மா அவனைத் திட்டவில்லை. ரெஜினாவைத்தான் பார்த்தாள். அன்று கையில் கலர் பாட்டிலோடு சிரித்துக்கொண்டு நின்ற தன் முகத்தை அந்தப் பார்வையில் ரெஜினா பார்த்தாள். இதுவரை ஆணையத்தின்மேலும் ஆலோசகர்கள்மேலும் அபின்மேலும் தாராளமாகச் செலவழித்த ஏளனத்தில் ஒரு பங்கு தனக்கும் சேர வேண்டியது என்று தெரிந்தது.

அபின் அறைக்குப் போனாள். அவன் அசரவே இல்லை. சான்றிதழைத் திரையில் திறந்து, விரலால் காட்டினான்.

"இதுல 'ஃபிசிக்கலி பிரசன்ட்'னுதான் இருக்கு, ரெஜினாக்கா. 'வொர்க்கிங்'னு எங்கேயும் இல்லை. நீங்க பார்த்தீங்க, அது அங்கே இருந்துச்சு. இதுல பொய் எங்கே இருக்கு?"

ரெஜினா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். அவன் சொன்னது உண்மை. நேரில் பார், படம் எடு, எண்ணைக் குறி, கையெழுத்துப் போடு என்று இவ்வளவு கேட்டவர்கள், அது வேலை செய்கிறதா என்று கேட்க மறந்திருந்தார்கள். இத்தனை பெரிய படிவத்தில் மின் என்ற சொல் கம்பெனியின் பெயரில் மட்டும்தான் வந்தது. திருத்தப் பிரமாணம் ஒன்று தாக்கல் செய்ய அனுமதி கேட்டாள். அபின், எழுத்தில் கேளுங்கள் என்றான். எழுதிக் கொடுத்தாள். அதற்கும் ரசீது கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை.

அண்ணாச்சி மறுபடி கூப்பிட்டார். இந்த முறை இளநீர் இல்லை. அவளுடைய அப்பா கடைக்கு முதல் சரக்கைக் கடனாக இறக்கிக் கொடுத்தது யார் என்று நினைவுபடுத்தினார். கை மாறியதும் புதுக் கம்பெனிக்காரன் எல்லாவற்றையும் மாற்றத்தான் போகிறான், அதற்குள் இவள் எதற்குக் குறுக்கே விழ வேண்டும் என்றார். "காயிதம் கேட்டான், காயிதம் குடுத்தோம். அவன் கரண்டு கேக்கலல்லா?" என்றார். அந்தக் கிழவரின் முகத்தில் கள்ளம் தெரியவில்லை. நிஜமாகவே அவருக்கு அது சரியான வியாபாரமாகப் பட்டது.

அடுத்த நாள் அவள் குடியிருப்புக்குப் போனாள். கோவிந்தம்மா குழாயடியில் கூடை கழுவிக்கொண்டிருந்தாள். பொது விசாரணை எந்த நாள், எங்கே, ஆட்சேபணை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று ரெஜினா சொன்னாள். இது நாலு பேப்பரில் வந்த விஷயம், அதைச் சொல்வது துரோகம் ஆகாது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் வந்திருந்தாள். அதைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே அவளுக்குக் கேவலமாக இருந்தது. கோவிந்தம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஏன் ஆறு காப்பி என்று மட்டும் கேட்டாள். அங்கே அவ்வளவு பேர் படிப்பார்களா என்றாள். பிறகு அவள் நகலெடுக்கப் போனபோது திருவொற்றியூரில் ஜெராக்ஸ் கடைக்காரனும் அதையேதான் கேட்டானாம்.

விசாரணை நகரத்தின் தென்கோடியில், குளிரூட்டிய மண்டபத்தில் நடந்தது. பாதிக்கப்படுகிறவர்கள் வடக்கே இருக்கிறார்கள் என்பதை இடம் தேர்ந்தெடுத்தவர்கள் கவனித்துத்தான் செய்திருக்க வேண்டும். காலை ரயிலைப் பிடித்து, பஸ் மாறி, கோவிந்தம்மாவோடு இருபது பெண்கள் வந்தார்கள். வாசலில் டோக்கன் கொடுத்தார்கள். உள்ளே ஒவ்வொரு நாற்காலிக்கும் தண்ணீர் பாட்டில். மேடையில் ஆணைய உறுப்பினர் ஒருவர், செயலாளர் ஒருவர், ஓரத்தில், எண் பலகையோடு போட்டோ எடுத்துக்கொண்ட அந்த அதிகாரி. முன்வரிசையில் கம்பெனி: அண்ணாச்சி, அபின், உயர்நீதிமன்ற வழக்கறிஞர், ரெஜினா. அடுத்த பக்கம் துருவதாராவின் ஆட்கள், கையில் டேப்லெட்டோடு.

அபின் ஸ்லைடுகள் போட்டான். ஏழாம் எண் டிரான்ஸ்பார்மரும் ஒரு ஸ்லைடில் வந்தது, மாலையோடு. சமூக வரவேற்பு என்று அதன் கீழே எழுதியிருந்தான். பிறகு, எல்லா விசாரணைக்கும் வருகிற ஓய்வுபெற்றவர் ஒருவர் எழுந்து, இந்த விற்பனைக்குச் சம்பந்தமே இல்லாத தன் தெருவிளக்கைப் பற்றி நெடுநேரம் பேசினார். உறுப்பினர் அவரை ஒரு முறைகூடத் தடுக்கவில்லை. அவருடைய ஆட்சேபணையில் பக்க எண்கள் சரியாக இருந்தன.

கோவிந்தம்மாவின் முறை வந்தபோது, சுருக்கமாகப் பேசும்படி செயலாளர் சொன்னார். அவள் மைக்கை ஒதுக்கிவிட்டாள். மேடையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு திரும்பி, துருவதாராக்காரர்களைப் பார்த்துப் பேசினாள்.

"நீங்கதான வாங்கறவங்க? உங்களாண்டதான் சொல்லணும். நான் மீனு விக்கறவ. நாறிப்போன மீனுக்குச் செவுள்ள சாயம் பூசி விக்கறவங்களப் பாத்துகீறேன். படத்துல மாலை போட்டுகினு கீதே, அந்தப் பொட்டி, உள்ள ஒண்ணியும் இல்ல. காலி டப்பா. பூசணிக்கா உடைச்சோம், ஒரு லைட்டு எரியல. காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஏறிப் பாத்துக்குங்க."

தமிழ் தெரியாத துருவதாரா ஆள் பக்கத்திலிருந்தவனிடம் கேட்டான். பக்கத்திலிருந்தவன் காதில் சொன்னான். டேப்லெட் மடியில் இறங்கியது. அன்றைக்கு அந்த மண்டபத்தில் ஒரு மனிதன் நிஜமாகவே கவலைப்பட்டது அப்போதுதான் முதல் முறை.

வழக்கறிஞர் எழுந்தார். சொத்துகள் அனைத்தும் நேரில் சரிபார்க்கப்பட்டிருக்கின்றன, ஆணையத்தின் ஆய்வு அறிக்கையும் இருக்கிறது, உணர்ச்சிவசப்பட்ட பேச்சுக்கு இங்கே இடமில்லை என்றார். உறுப்பினர் ஆய்வு அறிக்கையைப் புரட்டினார். ஓரத்திலிருந்த அதிகாரி தன் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். சான்றிதழில் கையெழுத்துப் போட்டது யார் என்று உறுப்பினர் கேட்டார்.

ரெஜினா எழுந்தாள். அண்ணாச்சி அவள் பக்கம் திரும்பவில்லை. அபின் கீழ்க்குரலில், பிரசன்ட், பிரசன்ட் என்று சொன்னான், பரீட்சை ஹாலில் விடை சொல்கிறவனைப் போல.

"நான்தான் போட்டேன், சார். நான் பார்த்தது வெளித்தகரம் மட்டும். உள்ளே காயில் இல்லை, ஆயில் இல்லை. லைனோடு சேர்க்கவும் இல்லை. அந்தம்மா சொல்றது சரி."

உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றினார். அப்படியென்றால் இந்தப் பிரமாணத்தைத் திருத்த மனு போட்டிருக்க வேண்டுமே என்றார். கம்பெனியிடம் அனுமதி கேட்டேன், கிடைக்கவில்லை என்றாள் அவள். அனுமதி எதற்கு, பிரமாணம் செய்தவரே போடலாமே, அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது என்றார் அவர். அதன் எண்ணையும் சொன்னார். நானூறு வீடுகள் ஒற்றைக் கம்பியில் தொங்குகின்றன என்பதைவிட அந்தப் படிவம் தன்னிடம் வந்து சேரவில்லை என்பதுதான் அவரை வருத்தியது போலிருந்தது. ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முயன்று தோற்றாள். பின்வரிசையிலிருந்த பெண்களும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமலே. செயலாளர் அமைதி, அமைதி என்றார்.

ஆணையம் விற்பனையைத் தடுக்கவில்லை. தடுக்கும் என்று ரெஜினா எதிர்பார்க்கவும் இல்லை. சில வாரங்களில் வந்த உத்தரவு அனுமதி கொடுத்தது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு நிபந்தனை. பட்டியலிலுள்ள சொத்துகள் அனைத்தும் கைமாறும் நாளில் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். இந்த முடிவுக்கு ஆய்வு அறிக்கை பெரிதும் உதவியதாக அந்த அதிகாரிக்குப் பாராட்டும் இருந்தது. நிபந்தனையை ஆணையம் மறந்தாலும் துருவதாரா மறக்கவில்லை. அவர்களுடைய இன்ஜினியர்கள் வந்து பதினோரு டிரான்ஸ்பார்மர்களையும் ஏறிப் பார்த்தார்கள். அதிலும் ஏழாம் எண்ணைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். ஏழு சரியாகும்வரை ஒரு பைசா கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணாச்சி புது டிரான்ஸ்பார்மர் வாங்கினார். இந்த முறை கிரேன் வந்தது. தெரு அதிர அது மேலே ஏறியதைப் பெண்கள் கைகட்டி நின்று பார்த்தார்கள். யாரும் மாலை கொண்டுவரவில்லை. காக்கைக் குஞ்சுகள் அதற்குள் பறந்துவிட்டிருந்தன. வல்லரசு ஸ்விட்சைப் போட்டதும் உய்யென்று ஒரு சத்தம் கிளம்பியது. அதன் பிறகும் கோவிந்தம்மா வீட்டுக்குப் போய் மிக்ஸியைப் போட்டு, பக்கத்து வீட்டு டிவியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.

கம்பெனி கைமாறியது. எந்தெந்த ஊழியர்கள் புது நிறுவனத்துக்குப் போகிறார்கள் என்ற இணைப்பில் வல்லரசு பெயர் இருந்தது, வாட்ச்மேன் பெயர் இருந்தது, ரெஜினாவின் பெயர் இல்லை. அபின் துருவதாராவில் துணைத் தலைவரானான், ஒழுங்குமுறை விவகாரங்களுக்கு. அண்ணாச்சி, ரெஜினாவின் அப்பாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு, அவன் முதல் சரக்குக்கு வட்டி வாங்கினவன்தானே என்று தானாகவே சொன்னார். ரெஜினா ராயபுரத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தாள். சம்பளம் குறைவு. முதல் மாதம் இரவில் தூக்கம் வராமல், விசாரணையில் எழுந்து நின்று சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்றும் நினைத்தாள். சொன்னதற்காக யாரும் அவளைப் பாராட்டவில்லை. கோவிந்தம்மாகூட, நீ மொதல்லயே ஏறிப் பாத்திருந்தா இவ்ளோ பேஜாரு இல்ல என்றுதான் சொன்னாள். அதை ரெஜினா மறுக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிந்தம்மா போன் செய்து, வூட்டுக்கு வா என்றாள். ரெஜினா போனாள். கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள், ஆளுக்கொரு காகிதத்தோடு. துருவதாரா எல்லா வீட்டுக்கும் படிவம் அனுப்பியிருந்தது. இந்த வீட்டில் குடியிருப்பவர் இன்னார்தான் என்பதற்கு அரசு கொடுத்த வீட்டு ஒதுக்கீட்டு ஆணை, ஆதார், மீட்டரோடு நிற்கிற புகைப்படம், நோட்டரி கையெழுத்து, இரண்டு பிரதி. தராதவர்களுக்கு இணைப்பு துண்டிக்கப்படலாம். ஒதுக்கீட்டு ஆணைகள் பெரும்பாலும் புருஷன்மார் பெயரில் இருந்தன. அவர்களில் பலர் செத்துப்போயிருந்தார்கள், சிலர் வேறு வீடு பார்த்துப் போயிருந்தார்கள். படிவத்தின் கீழே அபினின் கையெழுத்து, பெரிதாக, சுழித்து.

"காலி டப்பாவ இருக்குனு எழுதிக் குடுத்தானுங்க. நாங்க உசுரோட ஒக்காந்துகினு கீறோம், நாங்க இருக்கோம்னு நோட்டரியாண்ட போயி எழுதிக் குடுக்கணுமாமே" என்றாள் கோவிந்தம்மா. "இன்னா பண்லாம் சொல்லு."

ரெஜினா படிவத்தின் இரண்டு பக்கத்தையும் படித்தாள். எந்த விதியின் கீழ் இதைக் கேட்கிறார்கள் என்று எங்கேயும் இல்லை. உரிமம் கைமாறினால் பழைய இணைப்புகள் அப்படியே தொடரும் என்று அந்த விற்பனை விண்ணப்பத்தில் எழுதியவளே அவள்தான். யாரும் ஒன்றையும் நிரப்ப வேண்டாம் என்றாள். ஒரே ஒரு கடிதம் எழுதுவோம், எந்த விதி என்று கேட்டு, எல்லோரும் கையெழுத்துப் போட்டு. எத்தனை காப்பி என்று ஒருத்தி கேட்டாள். ஒன்று போதும் என்றாள் ரெஜினா.

கோவிந்தம்மா அடுப்பில் சங்கரா மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். கடிதத்தைத் தபாலில் போடுவதா, நேரில் கொண்டுபோய் அபின் மேஜையில் வைப்பதா என்று பேச்சு வந்தது. நேரில்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். திங்கட்கிழமை மார்க்கெட்டை விட்டுவிட்டு யார் யார் வருவது என்பதில்தான் சண்டை மூண்டது. சோறு போட்டு முடிக்கிறவரை அது ஓயவில்லை.